மூச்சுக் கேட்பவள்

உலகநாதனுக்கு வாய்த்த குரு அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். இதயம் தளர்ந்தவர்களுக்கு மருத்துவமனை வராந்தாவில் நடைப்பயிற்சி கொடுக்கும் நிஷா. எல்லோரையும் போல அவரும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்.

அவருக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷம். இதயம் போன ஆடியில்தான் கைவிரித்தது.

அன்று டீச்சர் அவரை நடக்க விடவில்லை. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. கணுக்காலை அழுத்தினாள், விழுந்த குழி எழவில்லை. நீர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். பஸ்ஸில் வரும் நாளில் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். முப்பது வருஷம் கண்டக்டராக அடக்கிப் பழகிய உடம்பு. இப்போது ஒரு பொட்டு மாத்திரை பாதி வழியில் மானத்தை வாங்குகிறது.

"நல்ல சீடர்தான். நடக்க வர்றதுக்காக, நடக்க முடியாத வேலையைப் பண்ணிட்டு வந்திருக்கீங்க."

டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே மனதில் கிடந்ததைக் கொட்டினார். வீட்டில் மனைவி சிவகாமி இருக்கிறாள். அவள் கண் இரண்டையும் சர்க்கரை கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக இரண்டு வருஷமாக அவர் கைதான். அவர் வெளியே வந்தால், திரும்பும்வரை உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள்.

"அவளுக்குப் பிறகு ஒரே ஒரு நாள் நான் இருந்தாப் போதும் டீச்சர். இந்த நடை அதைத் தருமா?"

"தெரியாது. அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

மறுவாரம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, மனைவியோடு வந்தார். எடை இறங்கியிருந்தது. டீச்சர் இருவருக்கும் சர்க்கரை பார்த்தாள், பாதங்களைத் திருப்பிப் புண் தேடினாள். பிறகு சிவகாமிக்கு ஒரு வேலை கொடுத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். அவர் பேசிக்கொண்டே நடப்பார். மூச்சு வாங்கி அவர் பேச்சு பாதியில் அறுந்தால், அவள் அவரை நிறுத்திவிட வேண்டும்.

பேச என்ன இருக்கிறது? அவர் தன் பழைய ரூட்டைச் சொல்ல ஆரம்பித்தார். தென்காசி. பாவூர்சத்திரம். அத்தியூத்து. ஆலங்குளம் வருவதற்குள் மூச்சு உடைந்தது.

"நில்லுங்க," என்றாள் சிவகாமி. "ஆலங்குளத்துல டீ குடிக்காம நீங்க என்னைக்கு வண்டிய எடுத்தீங்க?"

வெகுநாள் கழித்து அவர் சிரித்தார். சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு எழுந்தபோது டீச்சர் வந்து சிவகாமியை மறுபக்கம் மாற்றினாள். அவளுடைய ஒரு கையை எடுத்து வராந்தாச் சுவரில் வைத்தாள். அந்த உள்ளங்கை தயங்கிவிட்டு, மெல்ல நகர்ந்தது.

உலகநாதனுக்குப் புரியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தலை சுத்தினா விழப்போறவன் நான். எனக்குத்தானே டீச்சர் சுவர்ப்பக்கம் வேணும்?"

டீச்சர் குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்களைப் பிடிக்க நான் இருக்கேன். அவங்க கை சுவரைப் பழகட்டும்."