அழகுநாச்சி கத்திய "இல்லை"

நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் என் மேல் வழக்குப் போடுவார்கள். அங்கே மேலவை என்று ஒன்று இருந்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் எத்தனை பேரோ, எதிர்க்கட்சிக்காரர்களும் சரியாக அத்தனை பேர். எந்தப் பக்கமும் சேராத சுயேச்சையாக ஒரே ஒருத்தி. அவள் பெயர் அழகுநாச்சி. அவைத்தலைவர் மாசிலாமணி வாக்களிப்பதில்லை, நடத்திவைப்பதோடு சரி.

அவள் அங்கே வந்தது மக்கள் சேவைக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழி வாங்க வந்தாள். அவள் புருஷன் செங்கோடன் வேலை பார்த்த சாயப்பட்டறையில் கொதிகலன் வெடித்தது. ஆட்கள் நடுவில் டீ குடிக்கப் போய்விடக் கூடாது என்று முதலாளி கோதண்டபாணி வெளிக்கதவைப் பூட்டி வைத்திருந்தான். செங்கோடன் அந்தக் கதவடியிலேயே செத்தான். முதலாளி ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "எவனாவது பீடி பத்த வச்சிருப்பான்" என்றான். பீடி வாசனையே ஆகாத மனுஷனைப் பற்றி! அழகுநாச்சி அழவில்லை. "இருடா, உன்னைக் கூண்டுல ஏத்தாம என் கட்டை வேகாது" என்றாள்.

வழக்கு நிற்கவில்லை. முதலாளியைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லையாம். அந்தப் புண்ணியவான் பிறகு மேலவைக்குப் போய், தொழிலாளர் துறைக்கே அமைச்சராகவும் ஆனான். வயிறு எரியுமா, எரியாதா? அவளும் பட்டறைத் தெருக்காரர்களின் ஆதரவில் தனியாக நின்று ஜெயித்து, அவனுக்கு நேர் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். அவன் பேச எழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் பெயரில் எது வந்தாலும் முழுதாகக் கேட்காமல் "இல்லை!" என்று கத்துவாள். குடிநீர்க் குழாய்க்கும் இல்லை, இரங்கல் தீர்மானத்துக்கும் இல்லை. அவை சிரிக்கும். அவன் சிரிக்காமல் அதை மனதில் போட்டு வைத்துக்கொண்டான்.

அந்த அவையில் ஒரு விதி உண்டு. முதலில் வாய்மொழியாகக் கேட்பார்கள். ஆம், இல்லை என்று குரல் எழும். எந்தப் பக்கம் அதிகம் என்று தெளிவாகாவிட்டால் கதவைச் சாத்தி, கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். குரல் கொடுத்தவர் அதே பக்கம்தான் கையும் தூக்க வேண்டும். மாற்றவும் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது.

கடைசியில் தொழிலாளர் பாதுகாப்பு மசோதா வந்தது. அழகுநாச்சி அதற்கு ஒரு திருத்தம் கொடுத்தாள்: பழைய விபத்துகளுக்கும் முதலாளிகள் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சி முழுவதும் அவள் பக்கம். அவர்களோடு அவள் வாக்கும் சேர்ந்தால் ஒரு வாக்கில் ஜெயம். திருத்தம் நிறைவேறினால் கோதண்டபாணி உள்ளே.

மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சர் எந்தத் திருத்தத்தையும் தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். கோதண்டபாணி எழுந்தான். "அம்மையாரின் திருத்தத்தை நானே கொண்டுவருகிறேன். அவை இதை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கட்சிக்காரர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம்" என்றான். மனசாட்சி 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. அடப்பாவி!

அழகுநாச்சி வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் பேச்சைக் காதில் வாங்காமல் இருந்தாள். அவைத்தலைவர் கேட்டார்: "அமைச்சர் கோதண்டபாணி கொண்டுவந்த திருத்தம். ஏற்கிறீர்களா?"

"இல்லை!" எல்லாக் குரலுக்கும் மேலே அவள் குரல்.

"என்ன தாயி, அது உன் திருத்தம்! 'ஏற்க வேண்டும்'னு சொல்லி அந்த ஆளு தன் பேர்ல எடுத்துக்கிட்டான்!" என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

கதவைச் சாத்தினார்கள். கோதண்டபாணி எழுந்து தேன் ஒழுகப் பேசினான். "தலைவர் அவர்களே, அம்மையார் சொன்னதை எல்லோரும் கேட்டோம். விதியை மறந்துவிட வேண்டாம்."

மாசிலாமணிக்குப் பாவமாக இருந்தது. "அம்மா, வாய் தவறிச் சொல்லிட்டீங்க போல. வேணும்னா இன்னைக்கு மட்டும் விதியைத் தளர்த்தறேன். எல்லாரும் இஷ்டப்படி கை தூக்கட்டும்" என்றார்.

அவள் கோதண்டபாணியை ஏற இறங்கப் பார்த்தாள். "வேணாங்கய்யா. விதி விதியாவே இருக்கட்டும். என் கை 'இல்லை'க்கே போகுது."

அவன் முகம் மலர்ந்தது. அவள் விடவில்லை. "அவரு என்ன குரல் கொடுத்தாருன்னும் கேளுங்க. 'ஏற்க வேண்டும்'னு எந்திரிச்சு நின்னு சொன்னாரே?"

"அது சம்பிரதாயத்துக்குச் சொன்னது!" என்று அவன் பதறினான். "திருத்தம் அந்த அம்மாவோடது."

"நான் வாய் தவறிச் சொன்னது செல்லும், நீங்க வாயாரச் சொன்னது செல்லாதோ?"

கதையை இங்கே நிறுத்துகிறேன். இப்போது சொல்லுங்கள்: அவைத்தலைவர் யார் பேச்சை ஏற்க வேண்டும்? அவர் விதியைத் தளர்த்த முன்வந்தபோது அவள் வேண்டாம் என்றாளே, அது சரியா?

விடை: விதி இருவருக்கும் இல்லையென்றால் அவள் கை 'ஆம்' பக்கம் போகும். இருவருக்கும் உண்டென்றால் அவன் கை 'ஆம்' பக்கம் போகும். இரண்டிலும் திருத்தம் ஒரு வாக்கில் ஜெயிக்கும். அவளுக்கு மட்டும் விதி என்றால்தான் அவன் தப்பலாம். மாசிலாமணி அதற்கு ஒப்பவில்லை. எப்படியும் ஜெயிக்கும் என்பது அவளுக்கு அந்தக் கணத்திலேயே பிடிபட்டுவிட்டது. "என் கையால போனான்னா, பொம்பளை பழி தீத்துக்கிட்டாள்னு சொல்லித் திரிவான். அவன் கையாலயே போகட்டும்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னாள். என்னைக் கேட்டால் நூற்றுக்கு நூறு சரி. அவைத்தலைவர் அவன் பெயரைக் கூப்பிட்டார். கோதண்டபாணியின் கை தோளுக்கு மேல் வர மறுத்தது.

"நல்லாத் தூக்குங்க," என்றாள் அழகுநாச்சி. "எண்ணுறவருக்குத் தெரியலை."