டேங்கின் நெற்றி

குருவாக வேண்டும் என்று செலின் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. உறையூரில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில், ரிமோட்டில் ஓடும் பொம்மை டேங்குகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். வயது முப்பது. சீடராக வந்து வாய்த்த தாயுமானவனுக்கு அவளைப்போல இரண்டு மடங்கு வயது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரே அவளுக்கு ‘வாத்தியாரம்மா’ என்று பட்டம் கொடுத்து, அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். நல்ல குரு கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். சீடரிடமிருந்து தப்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்தக் குருவையும் யாரும் கேட்பதில்லை.

அவர் வந்தது ஞானத்துக்காக அல்ல, சம்பந்திக்காக. அவரும் மகளின் மாமனார் மருதமுத்துவும் ஒரே நாளில், ஒரே கடையில், இருப்பதிலேயே மலிவான டேங்காகப் பார்த்து ஆளுக்கொன்று வாங்கியிருந்தார்கள். பேரனுக்கு என்றுதான் பேச்சு. பேரனுக்கு வயது ஒன்றரை.

ஞாயிறுதோறும் பூங்கா மணலில் டேங்க் வைத்திருப்பவர்கள் கூடி மோதுவார்கள். ஆறு வாரமாக மருதமுத்துதான் ஜெயித்தார். ஜெயித்ததோடு விட்டாரா? அடுத்து வரும் பேரனின் காதுகுத்தில் இரு வீட்டு உறவுக்கும் இதைச் சொல்லப்போவதாக அறிவிப்பு வேறு கொடுத்துவிட்டார். அதை நினைத்தால் தாயுமானவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் நாள் வந்தபோதே அவர் கேட்டது ஒரே கேள்வி.

“எதை மாத்தணும் வாத்தியாரம்மா?”

செலின் இரண்டு டீ கிளாஸைத் தரையில் ஒரு முழம் தள்ளித் தள்ளி வைத்தாள்.

“நடுவுல ரிவர்ஸ்ல ஓட்டிட்டு வாங்க சார்.”

டேங்க் பின்னால் வந்தது. இரண்டு கிளாஸும் சாய்ந்தன. ஒன்றில் டீ இருந்தது. அது செலினுடையது.

“இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஓட்டியிருப்பீங்க?”

“ஓட்ட எங்க நேரம்? எதை மாத்தலாம்னுதான் பொழுதன்னிக்கும் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“தினம் அரை மணி ஓட்டுங்க. எது குறையுதுன்னு வண்டியே சொல்லும்.”

சீடர் பயபக்தியோடு தலையாட்டினார். நேராகப் போய் பிளாஸ்டிக் சங்கிலியைக் கழற்றிவிட்டு இரும்புச் சங்கிலி வாங்கி மாட்டினார். கனம் தாங்காமல் உள்ளே பிளாஸ்டிக் கியர் பல்லைக் கொட்டியது. இரும்பு கியர் போட்டார். பேட்டரி பத்தே நிமிடத்தில் படுத்துக்கொண்டது. பெரிய பேட்டரி போட்டார். மூடி மூடவில்லை. மூடியை அரத்தால் ராவினார். ஒவ்வொரு தடவையும் செலின் சரிசெய்து கொடுத்து, கியரை முதலில் மாற்றிவிட்டுச் சங்கிலிக்குப் போயிருக்கலாமே என்பாள். ஓட்டினீர்களா என்றும் கேட்பாள். அவர் அதைக் காதில் வாங்காமல், புகை விடும் கருவி எங்கே கிடைக்கும் என்பார்.

மருதமுத்து ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. தினமும் மொட்டை மாடியில், காயப்போட்ட வற்றலுக்கு நடுவே ஓட்டிப் பழகினார். வற்றல் மிதிபட்டால் வீட்டம்மாளிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பயத்திலேயே அவருக்கு ஓட்டும் வித்தை சுத்தமாகக் கைவந்துவிட்டது.

ஏழாவது ஞாயிறு தாயுமானவன் சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். புது வண்டி எடுத்தால் செய்வதையெல்லாம் டேங்குக்கும் செய்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். பொட்டு வைக்க டேங்குக்கு நெற்றி எது என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, உச்சியில் துருத்திக்கொண்டிருந்த குமிழ்தான் நெற்றி என்று முடிவுகட்டினார். அதைச் சுற்றிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தார்.

அந்தக் குமிழ் டேங்கின் நெற்றி அல்ல, கண். இந்த டேங்குகள் குண்டு போடுவதில்லை. டிவி ரிமோட்டில் வருவதுபோல, குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி பாயும். எதிராளியின் குமிழில் அது பட்டால் அடி. அடி விழுந்த டேங்க் குலுங்கும். ஐந்து அடி வாங்கினால் செத்தது என்று நின்றுவிடும்.

அன்று தாயுமானவனின் டேங்க் சாகவே இல்லை. மருதமுத்து வளைந்து வந்து சுட்டார், பின்னால் போய் சுட்டார், கிட்டே வந்து சுட்டார். இது குலுங்கக்கூட இல்லை. மணலின் நடுவில் நின்றபடி கண்டமேனிக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ஐந்து அடி வாங்கி மருதமுத்துவின் டேங்க்தான் நின்றது.

“பார்த்தீங்களா வாத்தியாரம்மா? இரும்புன்னா இரும்புதான்” என்றார் சீடர். அவர் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

பார்க்க வந்திருந்த செலின் அவருடைய டேங்கைக் கையில் எடுத்தாள். ஈரத்துணியால் குமிழைத் துடைத்தாள். அதைக் கீழே வைத்து, தான் கொண்டுவந்திருந்த டேங்கை அதன் பக்கம் திருப்பி ஒரே ஒரு தடவை சுட்டாள். அவருடைய டேங்க் குலுங்கியது.

தாயுமானவன் துணியைப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. அவருக்குப் புரிய நேரமாகவில்லை.

“உங்க வண்டிக்கு விழுந்திருக்க வேண்டியது ஒன்பது அடி சார். எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்.”

“அப்ப நான் ஜெயிக்கலியா?”

“சந்தனம் ஜெயிச்சிருக்கு.”

அதற்குள் மருதமுத்து தன் டேங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தாலும் மனுஷன் கையை நீட்டினார்.

“ஒத்துக்கிறேன் சம்பந்தி. காதுகுத்துல நானே என் வாயால எல்லாருக்கும் சொல்றேன். என்னென்ன மாத்தினீங்கன்னு மட்டும் எழுதிக் குடுங்க. நானும் எல்லாத்தையும் மாத்திடறேன்.”

ஆறு வாரமாகக் கேட்கத் தவித்த வார்த்தை. தாயுமானவன் ஒரு நிமிஷம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, குருவை வேப்ப மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களத் தவிர யாரும் பார்க்கல. இதைச் சொல்லாம விட்டா என்ன வாத்தியாரம்மா?”

செலின் துணியை உதறி மடித்தாள்.

“சொன்னா, காதுகுத்து அன்னிக்கு ஒரு நாள் சிரிப்பாங்க. சொல்லாம விட்டா, இனிமே ஞாயித்துக்கிழமை தவறாம நீங்க சந்தனம் அரைக்கணும் சார்.”