மூன்று முறை பிரித்த மோட்டார்

பழவேற்காட்டில் படகு மோட்டார் ரிப்பேர் செய்யும் வள்ளிக்கண்ணுவிடம் தொழில் பழக வந்த கன்னியப்பன், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருபது வருடம் லாரி எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். இந்தச் சின்ன மோட்டார் எம்மாத்திரம் என்று நினைத்திருந்தார். மீனவர் எட்டியப்பனின் பழைய மோட்டார் அந்த நினைப்பை மூன்றே நாளில் இறக்கிவிட்டது.

கரையில் தண்ணீர் டிரம்மில் மாட்டினால் மணிக்கணக்கில் ஓடும். படகில் மாட்டினால் கால் மணி நேரத்தில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி நின்றுவிடும். மூன்று முறையும் கன்னியப்பன் பிரித்துத் துடைத்து, "நல்லாத்தான் இருக்கு" என்று கொடுத்தனுப்பினார்.

நான்காம் நாள் காலை எட்டியப்பன் வந்தார்.

"நேத்து அலை படகைக் குறுக்கால போட்டுடுச்சு. எம் பொண்டாட்டியும் கூட இருந்தா. இன்னொரு வாட்டி நின்னா நாங்க திரும்ப மாட்டோம்."

கன்னியப்பன் தலை குனிந்தபடி வள்ளிக்கண்ணுவிடம் கேட்டார். "இதுக்கு என்னதான் கோளாறு, மேஸ்திரி?"

வள்ளிக்கண்ணு மோட்டாரைத் தொடவே இல்லை. எட்டியப்பனிடம் கேட்டாள். "நின்னதும் என்ன பண்ணுவீங்க?"

"டேங்க்ல பெட்ரோல் இருக்கான்னு பார்ப்பேன். இருக்கும். மூடிட்டுக் கயித்த இழுத்தா எடுத்துக்கும்."

"ஸ்பானர வச்சிட்டு வாங்கண்ணே," என்றாள் கன்னியப்பனிடம்.

மூவரும் படகில் ஏரிக்குள் போனார்கள். முகத்துவாரத்தின் இரைச்சல் தூரத்தில் கேட்டபோது மோட்டார் இருமியது. நின்றது.

கன்னியப்பனின் கை டேங்க் மூடிக்குப் போனது. வள்ளிக்கண்ணு தடுத்தாள்.

"கயித்த இழுங்க."

பத்துமுறை இழுத்தார். அசையவில்லை.

"இப்பத் தெறங்க. மெதுவா."

மூடி அரைத் திருகு திரும்பியதும், உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். இரண்டாவது இழுப்பிலேயே மோட்டார் ஓடத் தொடங்கியது. கன்னியப்பன் உயிர் திரும்பிய ஒன்றைப் பார்ப்பதுபோல அதையே பார்த்தார்.

மூடியின் நடுவே இருந்த காற்று ஓட்டையைச் சோப்பு அடைத்திருந்தது. உள்ளே காற்று நுழையாததால் பெட்ரோல் மோட்டாருக்கு இறங்காமல் நின்றிருக்கிறது.

"நாந்தான் வச்சேன்," என்றார் எட்டியப்பன், குரல் தாழ்ந்து. "அலைத் தண்ணி உள்ள போவக்கூடாதுன்னு."

வள்ளிக்கண்ணு ஊக்கால் சோப்பைக் கிளறி எடுத்தாள். படகு முகத்துவாரம் வரை போனது. நிற்காமல் திரும்பியது.

கரை ஏறியதும் கன்னியப்பன் கேட்டார். "மூணு வாட்டி அக்குவேறா ஆணிவேறா பிரிச்சேன். எங் கண்ணுக்கு ஏன் படல?"

"பிரிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"டேங்க் மூடியத் தெறந்து பெட்ரோல் பார்த்தேன்."

"டிரம்ல ஓட்டறப்ப?"

"தெறந்தேதான் வச்சிருந்தேன். மட்டம் தெரியணுமில்ல."

"சரி பண்ணிட்டு, அப்புறம் உக்காந்து கோளாறத் தேடியிருக்கீங்கண்ணே."