ஊசிப்பாலம் 14

“டீச்சர், என் அட்டவணையை எவனோ கலைச்சுட்டான்.”

நூலகத்தின் மாடியில் காலை ஒன்பது மணிக்கு வைத்தியலிங்கம் மாஸ்டர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால், யாரோ அவர் வீட்டுக் கதவை உடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். மூச்சு வாங்கியது. அறுபத்தேழு வயது. கோபம் மட்டும் இருபது வயதுக்காரன் கோபம்.

ஜுலைகா கணினியை அப்போதுதான் போட்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தொன்று. அந்த மாடி அறையில் இலவசமாகக் கணினி வகுப்பு எடுக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், இன்ஸ்டிடியூட்டை மூடிய பிறகு, தானே வந்து அவளிடம் மாணவராகச் சேர்ந்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை மாஸ்டர் என்பாள்.

“எதுல கலைஞ்சுது மாஸ்டர்?”

“டீக்கடையில ஒருத்தன் போன்ல பார்த்தேன். நேத்து நான் அனுப்பினது சிப்பாய் மாதிரி வரிசையா நின்னுது. அவன் போன்ல சந்தைக்கூட்டமாக் கிடக்கு. எழுத்தும் எண்ணும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து கிடக்கு. அவன்தான் ஏதோ நோண்டியிருக்கணும்.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். தொடவே இல்லைன்னு சத்தியம் பண்றான் திருட்டுப்பய.”

அட்டவணை பெரிதொன்றும் இல்லை. மலையடிவாரத்தில் உள்ள பன்னிரண்டு மருத்துவமனைகளின் பெயர்கள். எதிரில், பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, எத்தனை படுக்கை இருக்கிறது. ஜுலைகாவும் அவள் மாணவர்களும் தினமும் ஒவ்வோர் இடமாகப் போன் செய்து கேட்டு, வெறும் எழுத்தாகத் தட்டி, கிராமத்து நர்சுகளின் போனுக்கு அனுப்புவார்கள்; அங்கிருந்து ஊர்க்காரர்கள் போனுக்கும் அது போகும். மலையில் படம் போகாது, பெரிய கோப்பு போகாது. வெறும் எழுத்து மட்டும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும்.

முந்தின நாள் ஜுலைகா ஊரில் இல்லை. மாஸ்டர் தனியாகச் செய்தார். முதல்முறை.

“வழக்கமா ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல ஒரு கோடு போடுவோமே. அது இருந்துதா?” என்று கேட்டாள்.

“அந்தக் குச்சிக்கோடா? எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“அசிங்கம் டீச்சர். ஒரு கோடு இங்க நிக்குது, அடுத்தது அங்க நிக்குது. எங்க டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில இப்படி ஸ்டேட்மென்ட் போட்டா பேப்பரைக் கிழிச்சு மூஞ்சியில எறிவான். எல்லாக் கோட்டையும் எடுத்துட்டு, ஸ்பேஸ் பாரை எண்ணி எண்ணித் தட்டி நிறுத்தினேன். மூணு மணி நேரம். நாற்பது வருஷத்துல என் கையால ஒரு வரி பிசகினதில்ல, தெரிஞ்சுக்குங்க.”

அது உண்மை. அவருடைய பழைய மெஷினில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். எத்தனை தட்டினால் எங்கே நிற்கும் என்று விரல்களுக்கே தெரியும். அந்த நம்பிக்கையில்தான் மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

ஜுலைகா கணினியில் அவருடைய கோப்பைத் திறந்தாள். திரையில் சிப்பாய்கள் நின்றார்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

“பார்த்தீங்களா!” என்றார் மாஸ்டர்.

அவள் அதை அப்படியே அவருடைய போனுக்கு அனுப்பினாள். அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

சந்தைக்கூட்டம்.

“இப்ப நடுவுல யாரு கை வெச்சாங்க மாஸ்டர்?”

“என் போனும் கெட்டுப்போச்சா?”

பதில் வருவதற்குள் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. லூர்து சிஸ்டர் உள்ளே வந்தார். நெல்லிக்காடு கிராமத்தின் நர்ஸ். சேலையெல்லாம் சேறு. கையில் போன்.

“இதை எழுதினது யாரு?”

ஜுலைகா மாஸ்டரைக் கை காட்டவில்லை. அது தேவைப்படவும் இல்லை.

“நான்தான். ஆனா கலைச்சது நான் இல்ல,” என்றார் மாஸ்டர்.

“கலைச்சது கிடக்கட்டும். ஊசிப்பாலம் ஆஸ்பத்திரியில எத்தனை குப்பி? உங்க போன்ல பார்த்துப் படிங்க.”

“எதுக்கும்மா இப்படிக் கத்தறீங்க?”

“படிங்க சார்!”

மாஸ்டர் படித்தார். “ஊசிப்பாலம்... பதினாலு.”

“பதினாலு குப்பி. அப்படித்தானே?”

“ஆமா. பதினா—”

அவர் கண் கணினித் திரைக்குப் போனது. அங்கே ஊசிப்பாலத்துக்கு எதிரில், குப்பி என்ற தலைப்பின் கீழ், ஒன்றுமே இல்லை. வெற்றிடம். அதற்கும் அப்பால், படுக்கை என்ற தலைப்பின் கீழ், 14.

போனில் எழுத்துகளின் அகலம் வேறு; வெற்றிடம் சுருங்கிப்போய்ப் படுக்கை நகர்ந்து வந்து குப்பியின் இடத்தில் உட்கார்ந்திருந்தது.



“காலையில ஆறரை மணிக்கு, புல்லறுக்கப் போன பொம்மையனைக் கண்ணாடிவிரியன் கடிச்சுது,” என்றார் சிஸ்டர். “எங்க ஊர்லேர்ந்து ரெண்டு பக்கம் ரோடு பிரியுது. இங்க கரடிச்சோலை ஆஸ்பத்திரியில ஆறு குப்பின்னு போட்டிருக்கு. ஊசிப்பாலத்துல பதினாலுன்னு போட்டிருக்கு. பக்கமும் அதுதான். நீங்க எங்க சார் போவீங்க? நானும் அங்கதான் போனேன். ஒரு குப்பி இல்ல. ஒண்ணுகூட இல்ல! பதினாலு படுக்கை இருக்கு, படுத்துச் சாகலாம்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

“சிஸ்டர், எல்லா வரியிலும் ரெண்டு எண். அதுல மட்டும் ஒரு எண். கொஞ்சம் கவனிச்சிருந்தா...”

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிவிட்டார். சில பேருக்கு வாய்தான் முதல் எதிரி.

“கவனிக்கணுமா? மடியில ஒருத்தன் ரத்தம் துப்பறான். அவன் பொண்டாட்டி என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கதறுறா. நான் உட்கார்ந்து உங்க எண்ணை எண்ணிக்கிட்டு இருக்கணுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

மாஸ்டரின் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது.

“இப்ப எங்க இருக்கார்?” என்று கேட்டாள் ஜுலைகா.

“எதிர்த்தாப்புல, நம்ம கரடிச்சோலை ஆஸ்பத்திரியில. ஒரு மணி நேரம் வீணாப் போச்சு. இருந்த ஆறையும் போட்டாச்சு. மூச்சு திணறுது. இன்னும் பத்து வேணுங்கறார் டாக்டர். மருந்து எடுத்துவர ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. எங்க போகச் சொல்றதுன்னு கேட்கத்தான் வந்தேன்.”

“நெல்லிமேட்டுல பன்னிரண்டு,” என்றார் மாஸ்டர் சட்டென்று.

சிஸ்டர் அவரைப் பார்த்தார்.

“குப்பியா சார், படுக்கையா?”

நாற்பது வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

போனை எடுத்தார். நெல்லிமேட்டுக்குப் போட்டார். மருந்துக் கிடங்குக்காரர் எடுத்தார்.

“குப்பி எத்தனை? நேத்துச் சொன்னது வேண்டாம். அலமாரியைத் திறந்து, கையில தொட்டு எண்ணிச் சொல்லுங்க. நான் லைன்லயே நிக்கறேன்.”

நின்றார். மூன்று பேரும் நின்றார்கள்.

“பதினொண்ணு,” என்றார் மாஸ்டர். “ஒண்ணு நேத்தே போயிருச்சாம். பத்து எடுத்து வாசல்ல வெக்கச் சொல்லியிருக்கேன்.”

சிஸ்டர் நன்றி சொல்லவில்லை. படியில் இறங்கி ஓடினார்.



“நேத்து நான் இல்ல. பார்க்காமயே அனுப்பச் சொல்லிட்டுப் போனது என் தப்பு. அதை சிஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்,” என்றாள் ஜுலைகா.

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

“ஊசிப்பாலத்துக்கு நேத்துப் போன் பண்ணினீங்களா?”

“ஒரு தடவை பண்ணினேன். படுக்கைக் கணக்கு சொன்ன பொண்ணு, மருந்துக்கு வேற நம்பர் கொடுத்துது. அதுல யாரும் எடுக்கல.”

“அதை எழுதியிருக்கலாமே. தெரியலைன்னு.”



“மூணு எழுத்து அகலம்தான் விட்டிருந்தேன் டீச்சர். தெரியாதுன்னு போட்டா அடுத்த வரிசை தள்ளிப் போகும். எண்ணா நிக்கிற இடத்துல எழுத்து வந்தா, பார்க்க...”

முடிக்கவில்லை. ஜுலைகா எழுந்து விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மாஸ்டர் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் தட்டிய வெற்றிடங்களை எல்லாம் அழித்தார். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் அந்தக் குச்சிக்கோட்டைப் போட்டார்.

“கோடு போட்டா மட்டும் போன்ல நேரா நிக்குமா?” என்று கேட்டார்.

“நிக்காது. கோணலாத்தான் இருக்கும். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வீட்டுக்குள்ள வந்து படுக்க மாட்டான்.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு பன்னிரண்டு இடங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போன் போட்டார். எல்லாரிடமும் சண்டை. “தோராயமா வேண்டாம், எண்ணிச் சொல்லுங்க” என்று கத்தினார். ஊசிப்பாலத்துக்காரரிடம் அவர் கத்திய கத்தலில் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஊசிப்பாலத்துக்கு எதிரில் ஒரு சுழியம் போட்டார்.

மதியம் ஒரு மணிக்கு சிஸ்டரிடமிருந்து ஒரு வரி வந்தது. குப்பி வந்துவிட்டது, ஏறிக்கொண்டிருக்கிறது, மூச்சு கொஞ்சம் பரவாயில்லை.

மாஸ்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

பதினோரு வரி நிரம்பியது. ஆனைக்கயத்தில் படுக்கை எட்டு என்று சொன்னார்கள்; மருந்துக் கிடங்கில் மட்டும் யாரும் போனை எடுக்கவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தார். கடைசியில் தட்டினார்:

| ஆனைக்கயம் | தெரியாது, மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை, கேட்காமல் போகாதீர்கள் | 8 |

அந்த வரி மட்டும் அட்டவணையை விட்டு வெளியே துருத்திக்கொண்டு போனது. மற்ற பதினொன்றையும் கேலி செய்வது போல நின்றது. மாஸ்டரின் விரல், பழக்க தோஷத்தில், அழிக்கும் விசைமேல் ஒரு நொடி போய் நின்றது.

விரலை எடுத்துக்கொண்டார். டீ குடிக்கக் கீழே போனார்.

திரும்பி வந்தபோது அட்டவணை நேராக நின்றது.

துருத்தல் இல்லை. ஆனைக்கயத்துக்கு எதிரில் கட்டம் காலி. வழவழவென்று அழகாக இருந்தது.

“யாரு?” என்றார் மாஸ்டர். குரல் படிக்கட்டு வரைக்கும் போனது. “எவன் என் அட்டவணையில கை வெச்சது?”

“நான்தான்,” என்றாள் ஜுலைகா. “இன்னும் அனுப்பல. ஒரு வரி மட்டும் துருத்திக்கிட்டு இருந்தது மாஸ்டர். பார்க்க நல்லா இல்ல.”

“பார்க்க நல்லா இல்லையா?” மாஸ்டர் மேஜையில் ஓங்கித் தட்டினார். “பார்க்க நல்லா இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது டீச்சர்? யார் கேட்டா அழகை? அங்க ஒருத்தன் கடி வாங்கிட்டு, ஒருத்தி மடியில படுத்துக்கிட்டு, இதை நம்பி...”

நின்றுவிட்டார்.

ஜுலைகா, இதைக் கேட்கத்தான் காத்திருந்தவள் போல, எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். அந்த வரியை முதலிலிருந்து தட்டினார். அது மறுபடியும் துருத்திக்கொண்டு வெளியே போனது.

“அனுப்பிடலாமா மாஸ்டர்?”

“இருங்க,” என்றார் மாஸ்டர், போனைக் காதில் வைத்துக்கொண்டே. “ஆனைக்கயத்துக்கு இன்னொரு தடவை போட்டுப் பார்த்துடறேன்.”