பாத்து, பிள்ளை, பாத்து!

"என்ர பிள்ளை என்னை மலைக்கு வரவேண்டாமாம்."

குகநேசன் இதைச் சொல்லிவிட்டு, கேட்பவருக்கும் கோபம் வரும் என்று காத்திருந்தார்.

கேட்க கிளப் அறையில் இருந்தது சாம்பவி மட்டும்தான். ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பழக்கும் சிறுவர் கிளப்பின் பயிற்சியாளர். சுவிஸ் மலையடிவாரத்தில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு சறுக்கப் பழகியவள். ஒரு ஸ்கீப் பலகையை மேசையில் கிடத்தி, சூடான இஸ்திரிப்பெட்டியால் அதன் அடிப்பக்கத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. நிமிரக்கூட இல்லை.

"எப்ப சொன்னவள்?"

"நேற்று. காருக்குள்ள. தாயிட்டச் சொல்லுற மாதிரி எனக்குக் கேக்கச் சொன்னவள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அப்பா வந்தா தான் ஓடமாட்டாளாம். ஸ்கீயே வேண்டாமாம். இது என்ன நியாயம் பிள்ளை?"

"ம்."

"விடிய முன்னம் எழும்பி அவளின்ர சப்பாத்தைச் சூடாக்கி வைக்கிறது ஆர்? நான். பனிக்குள்ள கார் சில்லுக்குச் சங்கிலி பூட்டுறது ஆர்? நான். விறைச்சுப் போய் மலையில நிக்கிறது ஆர்?"

"நீங்கள்."

"நான்!"

"நிண்டு என்ன செய்யிறனீங்கள், அங்கிள்?"

"என்ன செய்யிறது? கத்துவன்."

"என்னெண்டு?"

"பாத்து எண்டுதான். பாத்து, பிள்ளை, பாத்து! வேற என்னத்தைச் சொல்லுறது? மற்றத் தகப்பன்மார் மாதிரி 'ஹொப் ஹொப்' எண்டு நான் பிள்ளையை விரட்டுறேல்ல. அவங்களுக்குப் பிள்ளையள் வெல்லவேணும். எனக்கு என்ர பிள்ளை முழுசா வீட்ட வந்தாக் காணும்."

 அந்தப் பயம் நடிப்பில்லை. மகள் ஆரணி கிளப்பில் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டவள். அவள் அதை எப்போதோ மறந்துவிட்டாள். அவருக்கு இன்னும் தூக்கத்தில் வருகிறது.

"எந்த இடத்தில நிக்கிறனீங்கள்?"

"கஷ்டமான இடமாப் பாத்துத்தான் நிப்பன். போன கிழமை மேல, அந்தச் செங்குத்து வளைவில. சொன்னா நம்பமாட்டாய், சரியா அந்த இடத்திலயே கம்பத்தை விட்டிட்டாள்."

சிவப்பும் நீலமுமாக நட்டிருக்கும் கம்பங்களுக்கூடாக வளைந்து வளைந்து இறங்கவேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது.

"அதுக்கு முதல் கிழமை?"

"காட்டுப் பக்கம் நிண்டனான். அங்கயும் விட்டவள். நல்ல காலம், ரெண்டு இடத்திலயும் நான் பக்கத்தில நிண்டது. இல்லாட்டி என்ன நடந்திருக்கும்?"

சாம்பவி இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பருவம் தொடங்கியபோதே பெற்றோரைக் கூட்டி வைத்துச் சொன்னாள். தடத்தின் ஓரத்தில் நிற்காதீர்கள், கீழே முடிவுக்கோட்டில் நில்லுங்கள், கத்தாதீர்கள், சொல்லிக்கொடுக்கிற வேலையை எனக்கு விடுங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாக ஆட்டியவர் குகநேசன். வெளியே வந்து அவள் காதருகில் குனிந்து, "நல்லாச் சொன்னாய் பிள்ளை, இந்த வெள்ளையளுக்கு உறைக்கவேணும்" என்று பாராட்டிவிட்டும் போனார்.

இப்படிப்பட்ட மனிதரை என்னதான் செய்வது?

"தேத்தண்ணி குடிப்பமோ?" என்றாள் சாம்பவி.

"நான் என்ன கதைக்கிறன், நீ என்ன கதைக்கிறாய்!"

அவள் இரண்டு கோப்பைகளில் விளிம்புவரை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"அந்த வாங்குக்குக் கொண்டுபோங்கோ. வெயிலில இருந்து கதைப்பம்."

மர இருக்கையான அந்த வாங்கு முற்றத்தின் அந்தப் பக்கம் இருந்தது. முற்றத்துப் பனி இறுகி, கண்ணாடி மாதிரிக் கிடந்தது. குகநேசன் கோப்பைகளைப் பிடித்தபடி, காலடியைப் பார்த்துப் பார்த்து மெதுவாக நடந்தார். நன்றாகத்தான் நடந்தார்.

"பாத்து!"

கதவடியில் நின்று சாம்பவி கத்தினாள்.

அவர் திரும்பினார். தேநீர் கையில் கொட்டியது.

"பாத்துத்தான் போறன்!"

இன்னும் கொஞ்சம் நடந்தார்.

"பாத்து, அங்கிள், பாத்து!"

மறுபடி திரும்பினார். கால் ஒரு பக்கம் போனது, உடம்பு ஒரு பக்கம் போனது. தொப்பென்று பனியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கோப்பை உருண்டு வாங்குக்கடியில் போய் நின்றது.

"என்ன பிள்ளை விசர் வேலை இது! நான் என்ர பாட்டில வடிவாப் போய்க்கொண்டிருந்தன். பாத்து பாத்து எண்டு கத்தினா மனுசன் காலைப் பாக்கிறதோ, கத்துற ஆளைப் பாக்கிறதோ? நீ கத்தினபடியால்தானே நான்..."

பாதியில் நிறுத்திவிட்டு மலைப் பக்கம் பார்த்தார். 

சாம்பவி வந்து கை நீட்டினாள்.

"அடி பட்டிட்டுதோ?"

"இல்லை."

அவர் எழும்பவில்லை. கொட்டிய தேநீர் பனியில் மண்ணிறமாய் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவள் என்னைத்தான் பாக்கிறவளோ?"

"ஒவ்வொரு முறையும்."

காற்சட்டை நனைந்து குளிர் ஏறியபிறகுதான் எழுந்தார். எழுந்ததும் பழைய கோபம் திரும்ப வந்தது.

"அப்ப என்னை வீட்டில குந்தச் சொல்லுறியோ?"

"இல்லை. கீழ நில்லுங்கோ."

"கீழ நிண்டு?"

"பாருங்கோ."

"சும்மா?"

"சும்மா. உங்களால ஏலுமோ?"

"அதென்ன பெரிய வேலையே!" என்றார் குகநேசன்.

மறுநாள் பயிற்சியில் சாம்பவி ஆரணியிடம் சொன்னாள். "அப்பா வருவார். கீழ நிப்பார். சத்தம் வராது."

ஆரணி நம்பவில்லை.

"சத்தம் வந்தா?"

"வந்தா அந்த இடத்திலயே நிப்பாட்டிப்போட்டு வீட்ட போ. நான் கேக்கமாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை குகநேசன் முடிவுக்கோட்டில், வேலிக்கு வெளியே நின்றார். கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் அடைத்திருந்தார். பக்கத்தில் நின்ற சுவிஸ்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மேலே ஒரு சிவப்புப் புள்ளி புறப்பட்டது. ஆரணி.

செங்குத்து வளைவில் அவள் ஒரு கால் விலகியது. உடம்பு சரிந்து பனியைத் தொட்டது. குகநேசனின் வயிற்றிலிருந்து அந்தச் சொல் கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. சால்வையை இறுகக் கடித்தார்.  

அவள் நிமிர்ந்தாள். தானாகவே நிமிர்ந்தாள்.

பிறகு அவர் கண்ணை எடுக்கவில்லை. அவள் முழங்கால் எப்படி மடிகிறது, ஒரு கம்பத்தில் இருக்கும்போதே முகம் எப்படி அடுத்ததுக்குப் போகிறது, முன்பு உடைந்த அந்தத் தோளாலேயே கம்பங்களை எப்படி இடித்துத் தள்ளுகிறாள் என்று பார்த்தார். அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு கம்பத்தையும் விடாமல் கோட்டைக் கடந்தாள். நேரம் காட்டும் பலகையில் அவள் ஓடிய நேரம் விழுந்தது. அவர் பலகைப் பக்கம் திரும்பவேயில்லை.

ஆரணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். வேலியோரம் தேடினாள். கண்டதும் நேராகச் சறுக்கி வந்து அவர் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, பாத்தனீங்களோ?"

குகநேசன் வாயிலிருந்து சால்வையை எடுத்தார். கம்பளி சொட்டச்சொட்ட நனைந்திருந்தது.

"இண்டைக்குத்தான் பிள்ளை பாத்தன்."