நாலாவது இலக்கம்

தூத்துக்குடியில் ஜெசிந்தாவுக்கு ஒரே ஒரு சீடர்தான். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்று.

சீடர் பெயர் நல்லபெருமாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரு, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவர். இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு: ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கால்குலேட்டர்கள். ஆன் செய்தால் கறுப்பு ஜன்னலுக்குள் சிவப்பாக எண் எரியுமே, அந்த வகை.

வருஷம் ஒருமுறை இந்தக் கிறுக்கர்கள் எல்லாரும் மதுரையில் கூடுவார்கள். ஆளுக்கொரு மிஷின் கொண்டுவர வேண்டும். செய்த நாளிலிருந்து யாரும் திறக்காத மிஷின் என்றால் முதல் மேஜை. திறந்து வேலை பார்த்ததென்றால் பின் மேஜை. அங்கே ஃபேன் காற்றுகூட வராது. முதல் மேஜைக்கு ‘கை படாதது’ என்று ஒரு அட்டை வேண்டும். அதில் ஜெசிந்தா கையெழுத்து இருந்தால் போதும், மறுபேச்சே கிடையாது.

நல்லபெருமாளுக்கு நாலு வருஷமாகப் பின் மேஜை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் எந்த மிஷினைத் தொடப் போனாலும் எவனாவது ஒருத்தன், "மெதுவா அண்ணாச்சி, இது கன்டெய்னர் இல்ல" என்பான். கூட்டமே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் கையை விரித்துப் பார்ப்பார். விரல் ஒவ்வொன்றும் நேந்திரம்பழம் மாதிரி.

இந்த வருஷம், கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில், துண்டில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து லேப் மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் வெறும் அட்டையையும் வைத்தார். திறக்காத மிஷின் என்றார்.

அது பொய்.

வாங்கும்போது அதில் நாலாவது இலக்கம் எரியவில்லை. பின்பக்க ஸ்டிக்கருக்கு அடியில்தான் திருகு இருக்கும். இட்லிச் சட்டி ஆவியில் காட்டி ஸ்டிக்கரை நோகாமல் உரித்தார். திருகைக் கழற்றினார். இன்னொரு செத்த மிஷினிலிருந்து ஒரு இலக்கத்தைப் பிடுங்கி, சால்டர் வைத்து, ஸ்டிக்கரைப் பழையபடி ஒட்டினார். மொத்தம் பதினொரு நாள். வேகிறது இட்லியா மிஷினா என்று வீட்டில் கேட்டார்கள்.

ஜெசிந்தா லென்ஸை எடுத்தார். ஸ்டிக்கரின் நாலு மூலையும் பார்த்தார். பேட்டரி முனைகளைப் பார்த்தார். ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். நல்லபெருமாள் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம் அண்ணாச்சி. ஒண்ணை மூணால வகுத்து, திரும்ப மூணால பெருக்குங்க."

பெருக்கினார். 0.9999999 என்று சிவப்பாக எரிந்தது.

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு புது கால்குலேட்டரை எடுத்தார். மாணவர்கள் பரீட்சைக்குக் கொண்டுபோகிற வகை. அதே கணக்கைப் போட்டார். 1 என்று வந்தது.

"எது சரி?"

தெரிந்த கேள்வி வந்ததில் நல்லபெருமாளுக்கு உயிர் வந்தது. மளமளவென்று சொன்னார். மூணால் வகுத்தால் மூணு மூணாக முடிவே இல்லாமல் போகும். பழசில் ஏழு மூணுக்குத்தான் இடம், மிச்சத்தை விட்டுவிடும். திரும்பப் பெருக்கும்போது அந்தக் குறை வெளியே தெரியும். புதுசும் ஓர் இடத்தில் நிறுத்தத்தான் செய்யும். ஆனால் கடைசியில் ஒன்று என்று சரிக்கட்டிக் காட்டிவிடும்.

"அப்ப ரெண்டும் விட்டிருக்கு."

"ஆமா டீச்சர்."

"உங்களுக்கு எது பிடிக்கும்?"

"இதுதான். இது விட்டதை மறைக்காம..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

ஜெசிந்தா பேனாவை அட்டைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுதேன்."

"என்ன எழுதினாலுமா?"

"என்ன எழுதினாலும்."

அவர் பேனாவை எடுத்தார். ‘கை படாதது’. இரண்டே வார்த்தைதான். மதுரையில் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் அடியில் இருக்கப் போவது இந்தப் பிள்ளையின் கையெழுத்து. மிஷினில் ஏழு ஒன்பதும் எரிந்துகொண்டே இருந்தன. நாலாவதும்தான்.

எழுதினார். ‘நாலாவது இலக்கம் மாற்றியது. நல்லபெருமாள்.’

ஜெசிந்தா படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"பின் மேஜைதான, டீச்சர்?"

"பின் மேஜைதான்."

நல்லபெருமாள் துண்டை விரித்தார். ஜெசிந்தா மிஷினைக் கொடுக்கவில்லை. மறுபடியும் லென்ஸை எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, முதல் தடவையைவிட அதிக நேரம் பார்த்தார்.

"நாலாவதா?"

"நாலாவதுதான்."

"இடப்பக்கம் இருந்தா, வலப்பக்கம் இருந்தா?"

"இடப்பக்கம் இருந்து."

இன்னொரு தடவை பார்த்தார். ஸ்டிக்கர் மூலையை நகத்தால் மெதுவாக நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை. லென்ஸைக் கீழே வைத்தார். மேஜைமேல் இருந்த அந்த இரண்டு பெரிய கைகளைப் பார்த்தார்.

"இவ்வளவு வேலையையும் பண்ணிட்டு, யாருமே பண்ணலைன்னு எழுதவா வந்திய, அண்ணாச்சி?"