பனியாற்றங்கரையில் ஒரு தப்படி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இது ஆற்றுச் சத்தத்துக்கு நடுவில் நடந்த கதை. தள்ளி உட்கார்ந்தால் பாதி தண்ணீரோடு போய்விடும்.

வடக்கே, பனிமலைக்குக் கீழே தேவதாருக் காடு. காட்டுக்குள் ஓர் ஆறு. பக்கத்தில் ஊர் இல்லை, சத்திரம் இல்லை. ஒற்றையடிப் பாதைகூட ஆடுகள் போட்டதுதான். அந்த ஆற்றோரமாக வருஷா வருஷம் கோடையில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடப்பாள் வடகாசி. பேரைக் கேட்டதுமே தெரிந்திருக்கும், நம்ம பக்கத்துப் பிள்ளை. பத்து வயதில் அப்பனோடு யாத்திரை வந்தவள். அப்பன் மலையிலேயே கண்ணை மூடிவிட்டார். ஆட்டுக்காரர்கள் வளர்த்தார்கள். இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறையும். ஒரு தார்ப்பாய், ஒரு கயிறு, ஒரு கத்தி, மடியில் ஒரு பொட்டலம் மாவு. இதற்கு மேல் அவள் சுமந்து யாரும் பார்த்ததில்லை. பேச்சும் அப்படித்தான்.

அந்த வருஷம் அவளோடு நடந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சாத்தூர்ப் பக்கத்துக் குருவையா. பேரில்தான் குரு, ஆள் சீடர். வயசு அறுபத்திரண்டு. இன்னொருவர் அவருடைய மச்சான் பெத்துராசு. பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இவர் தங்கச்சி அவர் வீட்டில், அவர் தங்கச்சி இவர் வீட்டில். நாற்பது வருஷமாக ஒருவரை விட்டு ஒருவர் இருந்ததில்லை. ஒரு நாளும் ஒத்துப்போனதும் இல்லை.

குருவையா வந்தது, தாயி தாயி என்று வடகாசி பின்னாலேயே நடந்து ஞானம் தேட. பெத்துராசு வந்தது, மாப்பிள்ளை சரியாகத் தேடுகிறாரா என்று பார்க்க.

ஏழாம் நாள். மேலே ஆற்றின் குறுக்கே உறைந்து கிடக்கும் பனிப்பாலம் ஆளைத் தாங்குமா என்று பார்த்துவர, வடகாசி இருட்டோடு கிளம்பிப் போயிருந்தாள். விடிந்ததும் குருவையா மூன்று கல் கூட்டிக் கஞ்சி வைத்தார். பெத்துராசு கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

“உப்ப இப்பவா போடுவாங்க?”

“எப்பப் போட்டா என்ன? உள்ளதான போகுது.”

“அரிசி வேகாது மாப்ள. நாப்பது வருசமாச் சொல்றேன்.”

“நாப்பது வருசமா வெந்துக்கிட்டுத்தான இருக்கு.”

“வெந்துச்சுன்னு யாரு சொன்னா? என் தங்கச்சியா? அவ வாயத் தொறக்காத புள்ள.”

குருவையா அகப்பையைக் கீழே வைத்தார்.

“நான் செய்யிறதுல உனக்கு எதுதான் சரி? தூங்குனா கொறட்ட தப்பு. நடந்தா கை வீசுறது தப்பு. தாயிகிட்ட நான் கேக்குற கேள்வியே தப்பு. போ மச்சான், நீயே தனியாப் பொங்கிக்க.”

“பொங்கிக்கிறேன். அரிசி நான் சொமந்தது.”

“சட்டி நான் சொமந்தது.”

பெத்துராசு அரிசிப் பையையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஆற்றைக் கடந்தார். தண்ணீர் முழங்காலளவுதான். கடந்தவர் கண்ணுக்கு மறைவாகப் போனாரா? இல்லை. நேர் எதிரே, இவர் நிமிர்ந்தால் அவர் முகத்தில்தான் விழிக்கவேண்டும் என்பது போல ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் இடுப்பைத் தடவினார்.

தீப்பெட்டி இல்லை.

அக்கரையில் அரிசி. இக்கரையில் சட்டியும் நெருப்பும். காலமெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த இரண்டு பேருக்கு நடுவில் ஒரே ஒரு தீப்பெட்டி. அது குருவையா மடியில் இருந்தது.

‘கூப்பிடட்டும்’ என்று நினைத்துக்கொண்டார் குருவையா. ‘பசிச்சா தானா வருவான். ஆறு எங்க ஓடிரப்போகுது?’

கஞ்சியைக் குடித்தார். அரிசி வேகத்தான் இல்லை. அதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் ஏறியது. தேவதாருப் பிசின் இளகி, காடு முழுக்க வாசம். இலைக்குள்ளே புகுந்து வந்த வெளிச்சம் அவர் காலில், மடியில், நெஞ்சில் மெதுவாக நகர்ந்தது. கண் சொருகியது. கேட்டுக்கொண்டே இருந்த ஆற்றுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சாக மாறியது. குழாயடியில் பெண்கள் பேசுகிறார்கள். அவர் தங்கச்சி குரலும் அதில் கேட்கிறது. என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்தால் வெறும் தண்ணீர். காதை எடுத்தால் மறுபடி பேச்சு.

முழித்தபோது, காலையில் அவர் சட்டி கழுவிய கல்லைக் காணவில்லை.

அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வைப்பாற்றங்கரையில் பிறந்தவருக்கு என்ன தெரியும்? அங்கே கோடை என்றால் ஆறு மணல்தான். பாயை விரித்துப் படுத்தால் விடியும்வரை ஈரம் தட்டாது. மழை பெய்தால் தண்ணீர் வரும், இல்லாவிட்டால் வராது. வெயில் அடிக்க அடிக்க ஏறுகிற ஆறு ஒன்று உலகத்தில் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேலே பனி உருகிக்கொண்டிருந்தது.

அக்கரையில் பெத்துராசு எழுந்து நின்றார். அரிசிப் பையைத் தலையில் வைத்தார். கம்பளியைத் தோளில் போட்டார். தண்ணீரில் இறங்கினார்.

“வர்றான் பாரு” என்று சிரித்தார் குருவையா.

நாலு அடி வைப்பதற்குள் இடுப்பளவு. ஐந்தாம் அடியில் ஆளைக் காணோம். பை ஒரு பக்கம் போனது. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு வேரைப் பிடித்து, தவழ்ந்து, மறுபடி அக்கரையிலேயே ஏறினார் பெத்துராசு. கம்பளி மட்டும் கையில் இருந்தது, சொட்டச் சொட்ட.

குருவையா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்னால் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே மலை நிழல் விழுந்தால் போதும், யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி குளிர் வந்துவிடும். பெத்துராசு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

“மச்சான்!”

ஆறு அந்தச் சத்தத்தை வாங்கி விழுங்கிவிட்டது.

தீப்பெட்டியைத் துணியில் கட்டி, கூடவே ஒரு கல்லையும் கட்டி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தார். அதையும் ஆறு வாங்கிக்கொண்டது.

வடகாசி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். ஆற்றைப் பார்த்தாள். அக்கரையைப் பார்த்தாள்.

“எப்ப நனைஞ்சாரு?”

“இப்பத்தான் தாயி. நீங்களே சொல்லுங்க, ஒரு உப்புக்காக ஒரு மனுசன்...”

“நெருப்பு இருக்கா அவருகிட்ட?”

“இல்ல. தாயி, யாரு பக்கம் நியாயம்னு மட்டும்...”

“மாத்துத் துணி?”

“எல்லாம் இந்தப் பக்கம் கெடக்கு.”

குருவையா சட்டையைக் கழற்றினார்.

“நான் போறேன். எங்க ஊருக் கெணத்துல மோட்டார் ரூம் மேலருந்து குதிச்சவன்.”

“கெணத்துத் தண்ணி உங்களத் தூக்கிவிட்டுச்சு. இது இப்பத்தான் பனியா இருந்துட்டு வருது. நடு ஆத்துல கை மடங்கிரும் அண்ணாச்சி. அப்புறம் நான் ரெண்டு பேரத் தேடணும்.”

“மேல பாலம்?”

“இடிஞ்சு கெடக்கு. ராத்திரி பனி எறுகுனா ஆறு எறங்கிரும். விடியக்கால முழங்காலுக்குத்தான் இருக்கும்.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் அவரு உக்காரக்கூடாது. ஓடி ஆடி உடம்பு சூடேறுனா, சருகுக்குள்ள பொதஞ்சு ராத்திரியத் தள்ளிருவாரு. நனைஞ்ச உடம்போட அப்படியே சுருண்டா எந்திரிக்க மாட்டாரு.”

பெத்துராசு முழங்காலில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

“நடுக்கம் நின்னிருச்சு தாயி” என்றார் குருவையா.

“அதான் நல்லால்ல.”

“என் தங்கச்சி புருசன் தாயி அவன். நான் அவ வாசல்ல போயி என்னன்னு நிப்பேன்?”

“ஊர்ல ரெண்டு பேரும் சேந்து என்ன செய்வீங்க?”

“சண்ட போடுவோம்.”

“அது போக?”

“ஒயிலாட்டம் ஆடுவோம், மாரியம்மன் பொங்கலுக்கு. அவன்தான் வாத்தியாரு. நான் முன்வரிச.”

வடகாசி தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஆடுங்க.”

“இப்பவா?”

“தப்பா ஆடுங்க.”

குருவையாவுக்குச் சுருக்கென்றது. “நாப்பது வருசம் முன்வரிசையில நின்னவன் தாயி நான். அவன் பாத்துக்கிட்டிருக்கையில தப்பாவா?”

“அவரு பாக்கணுமே அண்ணாச்சி.”

காலைக் கங்கு இன்னும் கனன்றுகொண்டிருந்த அடுப்பில் காய்ந்த தேவதாருக் கிளை ஒன்றைப் போட்டாள். தீ ஆளுயரம் எழும்பியது. அந்த வெளிச்சத்தில் போய் நின்று, குருவையா துணியை விசிறினார். முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடி. காலுக்குப் பழகிய ஆட்டம், சரியாகவே வந்தது. பெத்துராசு தலையைத் தூக்கினார், பார்த்தார், மறுபடி கவிழ்த்துக்கொண்டார். சரியாக இருந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை?

வடகாசி குருவையாவைப் பார்த்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் அடிக்கு வலது கால் வரவேண்டிய இடத்தில் இடது காலை வைத்தார். உடம்பே கூசியது. இன்னொரு தரம் வைத்தார்.

கண்ணைத் திறந்தபோது பெத்துராசின் தலை நிமிர்ந்திருந்தது. வலது தொடையைத் தட்டிக் காட்டினார். குருவையா இடதையே வைத்தார். பெத்துராசு நெற்றியில் அடித்துக்கொண்டார். பாறையைப் பிடித்து எழுந்தார், தள்ளாடினார், நின்றார். கம்பளியைப் பிழிந்து காற்றில் ஒரு கிளை மேல் வீசினார். இடுப்புத் துண்டை உருவி, இங்கே பார் என்று ஓர் உலுக்கு உலுக்கி, முதல் அடியிலிருந்து ஆரம்பித்தார்.

அங்கே அந்தி சீக்கிரம் போகாது. காடு இருட்டிய பிறகும் சிகரத்தில் ரோஜா நிறம் தங்கியிருக்கும். அந்த வெளிச்சத்தில் இரண்டு கிழவர்கள் ஆடினார்கள். பாட்டு இல்லை, தவில் இல்லை, எல்லாவற்றுக்கும் ஆறுதான். இவர் துணி எழும்ப, அவர் துண்டு எழும்பும். இவர் குனிய, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்வார். குருவையாவுக்குத் தப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இத்தனை தப்பு தன் காலுக்குள் எங்கே இருந்தது என்று அவருக்கே ஆச்சரியம். நடுவில் ஒரு தரம் சத்தமாகச் சிரித்தார். அக்கரையில் பெத்துராசு மேலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மூடுபனி ஆற்றின் மேல் இறங்கியபோது இடுப்புக்குக் கீழே இரண்டு பேரும் இல்லை. துணியும் துண்டும் வெள்ளைக்கு மேலே மிதந்தன.

போதும் என்று வடகாசி கையைத் தூக்கினாள். சருகைக் குவி, உள்ளே போ, காற்றாடக் கிடந்த கம்பளியை மேலே போடு என்று சைகை காட்டினாள். பெத்துராசு பாறையிடுக்கில் சருகைக் குவித்துப் புகுந்தார். புகும்போதும் தலையை வெளியே நீட்டி, வலது காலைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் புகுந்தார்.

விடிந்தபோது ஆறு ஒன்றும் அறியாதது போல முழங்காலளவு கிடந்தது. குருவையா இறங்கப் போனார். அதற்குள் பெத்துராசே வந்துகொண்டிருந்தார், தலை முழுக்க தேவதாரு ஊசியோடு.

எப்படி இருக்கிறாய் என்று இவர் கேட்கவில்லை. வடகாசி மடி மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சியிருந்தாள். ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றினாள். பெத்துராசு நெருப்போரமாக உட்கார்ந்து, இரண்டு வாய் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தாயி, நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? மூணாம் அடிக்கு எடது கால வைக்கிறான். இவனெல்லாம் நாப்பது வருசம் முன்வரிச! நான் மட்டும் அந்தக் கரையில இல்லாமப் போயிருந்தா ஆட்டத்தையே கொன்னு பொதச்சிருப்பான். இவனத் திருத்தித் திருத்தி என் காலு ரெண்டும் ஓஞ்சு போச்சு.”

குருவையா கிண்ணத்தைக் கீழே வைத்தார். நாற்பது வருஷமும் சேர்ந்து அவர் தொண்டைக்கு வந்துவிட்டது.

“ஏ மச்சான், அது நான் வேணும்னே...”

கூழைக் கிண்டிக்கொண்டிருந்த வடகாசி, தலை நிமிராமல், அவருடைய இடது காலை அழுத்தி மிதித்தாள்.